குட்டி யாருக்கு

விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஆட்டை வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டு. கையில் காசு உள்ளவர் ஒரு பெட்டையை வாங்கி, மேய்க்க ஆள் உள்ள வீட்டில் விடுவார். பத்திரம் கிடையாது. தாய், வாங்கியவருக்கு. ஈனும் குட்டிகளில் பாதி, மேய்த்தவருக்கு. கணக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். கன்னி இன ஆடாக இருந்தால் இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம். மேய்த்தவர் பங்குக்கு வந்த பெட்டைக் குட்டி வளர்ந்து தானும் சினையாகும். அது போடும் குட்டியில் வேறு யாருக்கும் பங்கில்லை. முதல் இல்லாதவர் மந்தைக்குச் சொந்தக்காரர் ஆவது இப்படித்தான்.

இந்த ஏற்பாடு ஒரே விதியின் மேல் நிற்கிறது: தாய் யாருடையதோ, குட்டியும் அவருடையது. பங்கு பிரிப்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு. கால்நடை சொத்தாக இருப்பதற்குக் காரணம் அது இறைச்சி தருவது மட்டும் இல்லை. அது தன்னையே திரும்பத் தருகிறது.

ஈனாமல், வெட்டாமல் இறைச்சி செய்யும் முயற்சியும் நடக்கிறது. 2013 ஆகஸ்ட் 5 அன்று லண்டனில், பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஒரு பர்கர் பொரிக்கப்பட்டது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட், மாட்டின் தசையிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் பெருக்கி அதைச் செய்திருந்தார். ஆன செலவு இரண்டரை லட்சம் யூரோ. கொடுத்தவர் கூகுளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான செர்ஜி பிரின். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் இறைச்சி போலத்தான் இருக்கிறது, கொழுப்புதான் இல்லை என்றார்கள்.

2020 டிசம்பரில் சிங்கப்பூர் ஆய்வகக் கோழி இறைச்சியை விற்க அனுமதித்தது. உலகில் அதுவே முதல் அனுமதி. 2023 ஜூன் 21 அன்று அமெரிக்கா, அப்சைட் ஃபுட்ஸ், குட் மீட் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. 2024 ஜனவரியில் இஸ்ரேல் மாட்டிறைச்சிக்கு வழிவிட்டது. எதிர்ப்பும் கூடவே வந்தது. இத்தாலி 2023 நவம்பரில் தடை விதித்தது. அமெரிக்காவின் புளோரிடா 2024 மே மாதம் தடைச் சட்டம் போட்டது.

அளவைப் பார்த்தால் இவை எல்லாம் சின்ன விஷயம். 2024 மே மாதம் சிங்கப்பூர்க் கடையில் சில்லறை விற்பனைக்கு வந்த பொட்டலத்தில் ஆய்வகக் கோழி இருந்தது 3 சதவீதம்; மற்றது தாவரப் புரதம். 2021ல் இந்தத் துறைக்குள் வந்த முதலீடு 130 கோடி டாலருக்கு மேல். 2023ல் அது 23 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்கப் பொறியாளர் டேவிட் ஹம்பேர்ட் 2021ல் வெளியிட்ட கணக்கின்படி, பெரிய ஆலையில் செய்தாலும் ஒரு கிலோ செல்லின் உற்பத்திச் செலவு 37 டாலருக்குக் கீழே போவது கடினம். ஆட்டுக்காரர் பயப்பட ஒன்றுமில்லை என்று இதை வாசிக்கலாம். பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் செலவு ஏன் இறங்கவில்லை என்ற காரணம்தான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆய்வக இறைச்சிக்கு மூன்று பொருள் வேண்டும். முதலாவது செல் வரிசை: ஒரு விலங்கிலிருந்து எடுத்து, சாகாமல் திரும்பத் திரும்பப் பிரியும்படி ஆக்கப்பட்ட செல்களின் வம்சம். இரண்டாவது வளர்ப்பு ஊடகம்: சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, வளர்ச்சிப் புரதங்கள் கலந்த திரவம், செல்லுக்கு அதுதான் இரத்தமும் தீவனமும். மூன்றாவது உயிர்க்கலன்: வெப்பமும் காற்றும் இம்மி பிசகாமல் வைத்து, செல்களைக் கலக்கிக்கொண்டே இருக்கும் எஃகுத் தொட்டி.

விலங்கின் செல் இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். தொட்டிக்குள் ஒரே ஒரு பாக்டீரியா புகுந்தாலும் மறுநாள் அங்கே இறைச்சி இருக்காது. ஆட்டின் உடம்பில் நோயை எதிர்க்கும் படை உண்டு, தொட்டியில் இல்லை. ஆகவே ஆலை, மருந்து ஆலையின் சுத்தத்தில் இருக்க வேண்டும். வடிகட்டிய காற்று, நீராவியில் கழுவிய குழாய், முகமூடிப் பணியாளர். அந்தச் சுத்தத்துக்கு மூலதனம் வேண்டும். அந்த மூலதனம் மேய்ப்பவரிடம் இல்லை, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திடமும் இல்லை. விலை என்றாவது இறங்கினால், அதை இறக்கியவர் மிகப் பெரிய தொட்டிகளை வைத்திருப்பவராகவே இருப்பார்.

அவர்கள் யார் என்பது ஓரளவு இப்போதே தெரியும். அமெரிக்காவில் கொழுக்க வைத்து வெட்டப்படும் மாடுகளில் சுமார் 85 சதவீதம் நான்கு நிறுவனங்களின் கைக்குப் போகிறது: டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப். இவற்றில் கார்கில் 2017லும் டைசன் 2018லும் ஓர் ஆய்வக இறைச்சி நிறுவனத்தில் முதலீடு செய்தன. விஜயவாடாவில் பிறந்த இதய மருத்துவர் உமா வலேட்டி தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு அப்போது பெயர் மெம்ஃபிஸ் மீட்ஸ். பின்னர் அது அப்சைட் ஃபுட்ஸ் ஆனது. 2021 நவம்பரில் ஜேபிஎஸ், ஸ்பெயினின் பயோடெக் ஃபுட்ஸை வாங்குவதாக அறிவித்தது. ஊடகத்துக்கு வேண்டிய சர்க்கரை மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. மக்காச்சோளத்தை அரைத்துச் சர்க்கரை எடுப்பதில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று கார்கில். மாட்டை வெட்டுபவர், தொட்டியில் பங்கு வைத்திருப்பவர், தொட்டிக்குத் தீவனம் விற்பவர்: மூன்றும் ஒரே ஆள்.

இனி செல்லுக்கு வருவோம். குட் மீட் பயன்படுத்திய கோழிச் செல்லின் பெயர் டிஎஃப்-1. கோழிக் கருவிலிருந்து எடுத்து, 1990களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நிலைப்படுத்தப்பட்டது; காப்புரிமையும் பெற்றது. வைரஸ் ஆராய்ச்சிக்காக உலகம் முழுதும் விற்கப்படும் வரிசை அது. சுண்டுவிரல் அளவுக் குப்பியில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருப்பார்கள். வாங்குபவர் கையெழுத்துப் போடும் தாளில், வணிகத்துக்குப் பயன்படுத்தத் தனி உரிமம் வேண்டும் என்று இருக்கும். குப்பியை வாங்கியவர் செல்லை வாங்கியவர் ஆகிவிடுவதில்லை. அந்தச் செல் பிரிந்து பிரிந்து ஒரு டன் ஆனாலும் இதே நிலைதான்.

வாரத்துக்கு விட்ட ஆட்டில், பங்காக வந்த குட்டி மேய்த்தவருக்கே சொந்தமாகிப் பெருகும்; இங்கே அது இல்லை. பெருகியது யார் கையில் என்பது கணக்கில் வராது. முதல் செல் யாருடையது என்பதே கணக்கு.

இது விதையில் நடந்து முடிந்த கதை. இந்தியானா மாநிலத்து விவசாயி வெர்னான் ஹ்யூ போமன், தானியக் கிடங்கில் தீவனத்துக்காக விற்ற சோயாவை வாங்கி இரண்டாம் போகம் விதைத்தார். அதில் பெரும்பகுதி மான்சாண்டோ நிறுவனத்தின் களைக்கொல்லி தாங்கும் ரகம். விளைந்ததிலிருந்து எடுத்து வைத்து அடுத்த வருடமும் விதைத்தார். சோயா தானாகவே பெருகியது, நான் ஒன்றும் நகல் எடுக்கவில்லை என்பது அவர் வாதம். 2013 மே 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தது. விதைப்பதே நகல் எடுப்பதுதான் என்றானது. 75 வயதுக்காரர் கட்ட வேண்டிய இழப்பீடு 84,456 டாலர்.

இந்தியாவில் சட்டம் வேறு. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு, தாவரத்துக்கும் விலங்குக்கும் அவற்றின் பகுதிக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. 2001ஆம் ஆண்டுத் தாவர ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையை எடுத்து வைக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் உழவருக்கு உரிமை தருகிறது. இரண்டையும் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலாவதில் நுண்ணுயிருக்கு விலக்கு உண்டு. ஊடகத்தின் சேர்மானமும் கலனின் அமைப்பும் விலங்கும் இல்லை, விலங்கின் பகுதியும் இல்லை. ஆகவே அந்தத் தடை அவற்றைத் தொடாது. இரண்டாவது தாவரத்துக்கு மட்டும். கால்நடையின் வம்சத்தின் மேல் மேய்ப்பவருக்கு உரிமை தரும் அப்படியொரு சட்டம் இங்கே எழுதப்படவே இல்லை. எழுத வேண்டிய தேவை சட்டம் இயற்றுபவர்களுக்குத் தோன்றியதில்லை. ஆடு தானே ஈன்றுகொண்டிருந்தது.

பண்ணைக் கோழி தானே பெருகுவதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது. பல்லடம், உடுமலை வட்டாரத்துப் பிராய்லர் ஷெட்டுக்குள் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தரையில் தேங்காய் நார்க்கழிவு பரப்பியிருக்கும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடியும் சொச்சமும். குஞ்சு கம்பெனி வண்டியில் வந்து இறங்குகிறது. தீவன மூட்டையும் மருந்தும் கம்பெனியினுடையவை. சூப்பர்வைசர் வந்து எடை போட்டு அட்டையில் எழுதிவிட்டுப் போகிறார். நாற்பது நாள் சொச்சத்தில் இரண்டு கிலோ தாண்டியதும் இரவில் லாரி வருகிறது. கால்களைச் சேர்த்துப் பிடித்துக் கூண்டில் அடுக்குகிறார்கள். விடிந்தால் ஷெட்டு காலி. பண்ணைக்காரருக்குச் சொந்தமானவை கூரை, தண்ணீர், கரண்ட் பில், வங்கிக் கடன். கோழி ஒரு நாள்கூட அவருடையதாக இருந்ததில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். எத்தனை கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ கறி என்ற விகிதம் கெட்டால் கூலியில் குறையும். அடுத்த பேட்ச் எப்போது இறங்கும் என்று முடிவு செய்வதும் அவர் இல்லை.

அந்தக் கோழிகளில் ஒரு ஜோடியை நிறுத்தி வைத்து முட்டையிட வைத்தால் என்ன? முட்டை வரும், குஞ்சும் வரும். அவை ஒன்று போல் வளராது; தாய் தந்த எடையைத் தராது. பிராய்லர் என்பது நான்கு தலைமுறைக் கலப்பின் கடைசிப் படி. மேல்படியில் உள்ள தூய வம்சங்கள் உலகில் மிகச் சில நிறுவனங்களின் பூட்டிய பண்ணைகளில் இருக்கின்றன. அவற்றில் பெரியவை இரண்டு: ஜெர்மனியின் ஈடபிள்யூ குழுமத்துக்குச் சொந்தமான ஏவியாஜென், டைசனுக்குச் சொந்தமான காப்-வான்ட்ரெஸ். அமெரிக்காவில் பிராய்லர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒப்பந்தத்தில்தான் வளர்கின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 12 கோடிக் கோழியினத்தோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு.

இந்த மாற்றத்துக்குத் தடைச் சட்டம் எதுவும் வரவில்லை. கறி மலிந்தது. அது உண்மை. கோழிக்கறி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாக எல்லா வீட்டுக்கும் வந்தது இந்த முறையால்தான். சொந்தம் கைமாறியது விலைப்பட்டியலில் தெரிவதில்லை.

விலை மலிவாகவே இருக்குமா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. செல் ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் புரதங்களில் ஒன்று இன்சுலின். தொட்டியில் தயாராகும் இன்சுலினுக்கு 40 வயது தாண்டிவிட்டது. அதற்கு முன் அது இறைச்சிக் கூடத்தின் உபபொருள். பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். ஒரு பவுண்டு இன்சுலினுக்கு 23,500 விலங்குகளின் கணையம், எடையில் 8,000 பவுண்டு, தேவைப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் 1923ல் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

1982ல் மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுத்த இன்சுலினுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. ஆய்வக இறைச்சிக்கு ஆதரவாக இன்று சொல்லப்படும் அத்தனையும் அன்று அதற்குச் சொல்லப்பட்டது: விலங்கைக் கொல்ல வேண்டாம், தட்டுப்பாடு வராது, சுத்தமானது. மூன்றும் பெரும்பாலும் உண்மையாகவே ஆயின. 1996ல் எலி லில்லி நிறுவனத்தின் ஹ்யூமலாக் என்ற இன்சுலின் வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். 2019ல் அதே குப்பியின் பட்டியல் விலை 275 டாலர். ஒரு நோயாளிக்கு வருடம் முழுதும் வேண்டிய இந்த வகை இன்சுலினைத் தயாரித்து லாபமும் சேர்த்து விற்க 78 முதல் 133 டாலர் போதும் என்று 2018ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உலகச் சந்தையில் 90 சதவீதத்துக்கு மேல் மூன்று நிறுவனங்களின் கையில். 2023 மார்ச்சில், அரசின் நெருக்குதலுக்குப் பிறகு, லில்லி விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது.

விலை ஏறிய காலத்தில் பழைய இன்சுலினுக்குத் திரும்பியிருக்கலாமே என்று தோன்றும். பன்றி இன்சுலினை லில்லி 2005ல் நிறுத்திவிட்டது. கணையம் இறைச்சிக் கூடத்தில் இருந்தது. அதிலிருந்து மனிதருக்கு இன்சுலின் எடுக்கும் ஆலை அமெரிக்காவில் இல்லை.

ஆலை ஒன்று நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைப் பால்மாவுச் சந்தையில் சுமார் 90 சதவீதம் நான்கு நிறுவனங்களுக்கு. 2022 பிப்ரவரியில், கிருமி ஐயத்தால், மிச்சிகன் மாநிலம் ஸ்டர்ஜிஸ் ஊரில் இருந்த அபாட் ஆலை மூடப்பட்டது. மூடியது ஒரே ஓர் ஆலை. மே மாதக் கடைசியில் நாடு முழுதும் கடைகளில் பால்மாவு வகைகளில் 70 சதவீதத்துக்கு மேல் இருப்பு இல்லை. மே 22 அன்று ஜெர்மனியிலிருந்து ராணுவச் சரக்கு விமானத்தில் பால்மாவு வந்து இறங்கியது. ஜூன் 4 அன்று ஆலை திறந்தது. பத்து நாளில் மழை வெள்ளம் புகுந்து மறுபடி மூடியது. உலகின் மிகப் பணக்கார நாடு அது.

எந்த நோயும் எல்லா ஆட்டையும் ஒரே வாரத்தில் நிறுத்தியதில்லை. பல்லாயிரம் தொழுவங்களில் சிதறி இருப்பதற்கு அந்த ஒரு பலன் உண்டு. சிதறலைப் பொருளாதாரக் கணக்கில் திறமைக்குறைவு என்று எழுதுவார்கள்.

ஆடு தருவது கறி மட்டும் இல்லை என்பதை விளக்க அதிகம் வேண்டாம். கோடையில் அறுத்த வயலில் கிடை போடுகிறார்கள். இரவு முழுதும் ஆடு படுத்த நிலத்துக்கு உரம், கிடைக்காரருக்குக் கூலி. தோல் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்குப் போகிறது. மேய்த்தவர் வரவில் கறி ஒரு பகுதி. கறியின் விலை விழுந்தால், உரமும் தோலும் மட்டும் மந்தையைத் தாங்காது. மந்தை போனால் உரமும் தோலும் கூடவே போகும். கறி வளர்க்கும் தொட்டி அவற்றைத் தருவதில்லை.

எல்லாமே தனியார் பூட்டுக்குள் போயாக வேண்டும் என்று விதி இல்லை. 2024ல் மூடிய சைஃபை ஃபுட்ஸ் நிறுவனத்தின் மாட்டுச் செல் வரிசைகளை, ஜிஎஃப்ஐ என்ற லாபநோக்கற்ற அமைப்பு வாங்கி, ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்திடம் வைத்தது. ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்துக்கும் (சிசிஎம்பி) தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்துக்கும் 2019ல் மத்திய அரசு ஆய்வக இறைச்சி ஆராய்ச்சிக்காக நான்கரைக் கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024 ஜனவரியில் கொச்சியின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், தனியார் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு, நெய்மீன், வாவல் ஆகியவற்றின் செல்களில் வேலை தொடங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க: அப்சைட் ஃபுட்ஸ் 2022 ஏப்ரலில் ஒரே சுற்றில் திரட்டியது 40 கோடி டாலர்.

மாற்றம் வரும்போது நஷ்டம் யார் தலையில் விழும் என்பது கடைசிக் கேள்வி. பீகாரின் சம்பாரண் வரலாற்றில் அது எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே குத்தகை விவசாயி தன் நிலத்தில் 20 காதாவுக்கு (காதா ஒரு நில அளவு) 3 காதா அவுரி போட்டாக வேண்டியிருந்தது. தீன்காதியா என்று பெயர். அதிலிருந்து வரும் நீலச் சாயத்துக்காக அவுரியை வாங்கியவர், விலை வைத்தவர் எல்லாம் வெள்ளைக்காரத் தோட்டத் துரை. 1897ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம், ஆலையில் செய்த நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் வருடத்துக்கு 19,000 டன். 1914ல் 1,000 டன்.

துரைகளுக்கு அவுரி வேண்டாம் என்றாகிவிட்டது. குத்தகைக்காரரை விட்டுவிட்டிருக்கலாம். விட்டார்கள், விலை வாங்கிக்கொண்டு. அவுரி போடும் கட்டாயத்திலிருந்து விடுபட வேண்டுமானால் குத்தகையை ஏற்றிக் கட்ட வேண்டும். அதற்கு ஷராபேஷி என்று பெயர். இல்லாவிட்டால் மொத்தமாக ஒரு தொகை. அதற்குத் தாவான் என்று பெயர். ரொக்கம் இல்லாதவர் கடன் பத்திரம் எழுதித் தந்தார், வட்டியோடு. செடி செத்தது ஜெர்மனியின் ஆலையால். அதற்குப் பணம் கட்டியவர் அந்த ஆலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

1917 ஏப்ரலில் காந்தி அங்கே போனார். ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலம் எழுதப்பட்டது. அரசு விசாரணைக் குழு போட்டது. காந்தியும் அதில் உறுப்பினர். 1918 மார்ச்சில் சம்பாரண் வேளாண் சட்டம் வந்து தீன்காதியாவை ஒழித்தது. வசூலித்த தாவானைத் திருப்பித் தரும் பேச்சில் காந்தி பாதி கேட்டார். துரைகள் தந்தது கால் பங்கு.